மயிலக்காவின் மதிய நீச்சல்

சித்திரை 10, செவ்வாய்

விடிந்ததுமே வெயில் சுள்ளென்று. காற்று துளிகூட இல்லை. இன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் முறை. மாமா (என் மாமனார்) ஐந்து மணிக்கே கிணற்று எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன்.

இந்த நோட்டு என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. முன்பக்கம் நாலைந்து தாளில் பையன்களின் வருகைக் கணக்கு, மீதி எல்லாம் காலி. "சும்மா கெடக்கு, நீ எதையாச்சும் எழுது" என்றார். குஜிலியம்பாறைப் பக்கம் வாத்தியார் வேலை அவருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி ஏழு மாதம். அதில் எத்தனை நாள் சேர்ந்திருந்தோம் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

செய்ய வேண்டியவை: கம்பு புடைக்க. அவர் சட்டைக்குப் பொத்தான். மோர்மிளகாய் மாடியில் இல்லை, களத்தில் காயப்போட (மாடியில் காக்காய்).

இந்த வீட்டில் ஆளுக்கொரு கிறுக்கு. மாமாவுக்கு எஞ்சின். போன வருடம் வாங்கியது. அதைத் துடைக்க என்றே ஒரு சிவப்புத் துணி, வேறு யாரும் தொடக் கூடாது. ஓடும்போது பக்கத்தில் நின்று கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டுவார். மூத்தாருக்கு (வீட்டுக்காரரின் அண்ணன்) அவருடைய இரண்டு மாடுகள். மனுஷரோடு பேசுவதைவிட அவற்றோடு பேச்சு அதிகம். அத்தைக்கு மல்லிகை. மொத்தம் இருபது செடி, எங்களைப் பறிக்க விடமாட்டார். "ஒங்க கை சூடு. மொட்டு வாடிரும்." என் வீட்டுக்காரருக்கு மேப். சுவர், தரை, வாழை இலை, எங்கே இடம் கிடைத்தாலும் ஒரு தேசத்தை வரைந்துவிடுவார். எனக்கு இந்த எழுத்து.

மூத்தாரின் மனைவி மயிலக்காவுக்கு மட்டும் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சமையல், மாடு, களை. எட்டு வருடமாக அப்படித்தானாம். அதிகம் பேசவும் மாட்டார்.

சித்திரை 12, வியாழன்

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண் அசந்திருந்த நேரம். மயிலக்கா துணி அலசக் கிணற்றுக்குப் போயிருந்தார். எனக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டியிருந்தது, போனேன். கிணற்றடியில் யாரும் இல்லை. படிக்கட்டில் அலசிய துணிகள் பிழிந்து அடுக்கியிருந்தன. அக்காவின் வளையல்கள் அதன்மேல். தண்ணீர் மட்டும் வட்டம் வட்டமாக அசைந்துகொண்டிருந்தது.

குடத்தைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர்ச் சுவர் ஓரம் ஒரு தலை வெளியே வந்தது.

"கத்தித் தொலையாதடி!"

மயிலக்கா. சிரித்துக்கொண்டு. இந்த ஏழு மாதத்தில் அவர் பல்லை நான் முழுதாகப் பார்த்ததில்லை.

சேலையை வரிந்து கட்டியிருந்தார். மல்லாந்து படுத்து, கையைக்கூட அசைக்காமல் மிதந்தார். பிறகு புரண்டு ஒரு முங்கு. இங்கே மறைந்து அங்கே எழுந்தார். வீட்டில் குனிந்த தலையோடு ஓரமாக நடக்கிற பெண்ணா இது? கிணறு முழுவதும் அவருடையதாக இருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது.

மேலே வந்து படியில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தபடி சொன்னார். அவருடைய ஊர் வத்தலக்குண்டு தாண்டி ஆற்றங்கரை. கூடப் பிறந்தது ஐந்து அண்ணன்மார். "பன்னெண்டு வயசு வரைக்கும் ஆத்துலதான் கெடப்பேன். அஞ்சு பேரையும் முந்திருவேன். வயசுக்கு வந்ததும் நிப்பாட்டிட்டாக."

"இங்க எத்தனை நாளா அக்கா?"

"மூணு வருஷமா. தண்ணி கெடக்குற மாசமெல்லாம்."

"யாருக்குத் தெரியும்?"

"கெணத்துக்குத் தெரியும். இப்ப ஒனக்குத் தெரியும்." செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். "சொல்லிருவியா?"

மாட்டேன் என்றேன். இந்தப் பக்கம் பெண்கள் கிணற்றில் நீந்தி நான் கேள்விப்பட்டதில்லை. ஆண்களிலேயே தெரிந்தவர்கள் குறைவு. வறண்ட சீமை, எங்கே போய்ப் பழகுவது.

சித்திரை 13, வெள்ளி

அத்தை மோப்பம் பிடிக்கிறார். "நேத்து வியாழக்கெழமை, எதுக்குடி மயிலு தல முழுகுன?" அக்கா பதில் சொல்வதற்குள் நான், "தலை அரிக்குதுன்னாக அத்தே, நான்தான் சீயக்கா தேச்சுவிட்டேன்" என்றேன். முதல் பொய். சுத்தமாக வந்தது.

மதியம் நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். யாராவது வந்தால் இரும வேண்டும் என்று ஏற்பாடு. யாரும் வரவில்லை. பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை எனக்கு. தண்ணீருக்குள் போனால் அக்காவின் கை கால் எல்லாம் நீளமாகிவிடுகிறது.

ஒரு கல்லைத் தூக்கிப் போடச் சொன்னார். போட்டேன். அடிமட்டம் வரை போய் அதே கல்லை எடுத்துவந்தார். இப்போது கிணற்றில் இரண்டரை ஆள் தண்ணீர்.

குழம்பு: கத்தரிக்காய் கருவாடு. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் போதவில்லை. மூத்தார் மோர் ஊற்றிக்கொண்டார்.

சித்திரை 15, ஞாயிறு

அவர் வந்திருக்கிறார். பரீட்சைத் தாள் ஒரு கட்டு. எனக்கு ஒரு வாரப்பத்திரிகை, பஸ்ஸில் யாரோ விட்டுப்போனதாம், அட்டை இல்லை.

காலையில் களத்து மண்ணில் குச்சியால் நம் ஜில்லாவை வரைந்து காட்டினார். திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், மலை ஓரமாக வளைந்து போகும் ரோடு. கோழி நடந்து பாதி அழிந்தது. திரும்ப வரைந்தார், கோபமே இல்லாமல். இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

அக்கா விஷயத்தைச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சத்தியம் செய்யவில்லைதான், இருந்தாலும்.

சித்திரை 18, புதன்

எஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை.

காலையிலிருந்து அதே பாடு. குழாயின் மேல்வாயில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பித்தான் எஞ்சினைக் கிளப்புவார்கள். இன்று ஊற்ற ஊற்ற இறங்கிவிடுகிறது. மூத்தார் சொன்னது எனக்குப் புரிந்த வரையில்: கிணற்றுக்குள் போகும் குழாயின் அடிநுனியில் ஒரு வால்வு. தண்ணீரை மேலே விடும், கீழே இறங்க விடாது. அது மூடாமல் நிற்கிறது. ஏதோ அடைத்திருக்கிறது.

நாற்பது குடம் ஊற்றியிருப்போம். மாமா எஞ்சினைத் தடவிக்கொண்டு நின்றார், காய்ச்சல்கார மாட்டைத் தடவுவது போல.

சித்திரை 19, வியாழன்

மூத்தார் காலை பஸ்ஸில் திண்டுக்கல் போய் மதியம் திரும்பினார். குழாயைக் கழற்றி மேலே தூக்க மெக்கானிக் வர வேண்டும், சங்கிலிக் கப்பி வர வேண்டும். ஆறு நாள் ஆகுமாம். முங்கித் தூர் எடுக்கிற ஆள் ஒருவர் முன்பு இருந்தார், அவரும் எங்கேயோ அணைக்கட்டு வேலைக்குப் போய்விட்டார்.

வெங்காயம் காய் திரளும் நேரம். தாள் முனை மஞ்சளாகிவிட்டது. ஆறு நாள் தாங்காது. மாடு கட்டிப் பழைய கமலையில் இறைக்கலாம் என்றால் தண்ணீர் மொள்ளும் தோல் சால் எலி கடித்துக் கிடக்கிறது. எஞ்சின் வந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

மாமா சாப்பிடவில்லை. "நான்தாம்லே எஞ்சின் எஞ்சின்னு ஆடுனேன்" என்று மூத்தாரிடம் சொன்னது காதில் விழுந்தது.

அடுப்படியில் அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இருவரும் அதையேதான் நினைத்தோம். அக்கா உலையில் போட்ட அரிசியைத் தேவையில்லாமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

சித்திரை 20, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டு மணி இருக்கும். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே குழாய் வழியாக இறங்கிப் பார்க்கப் போகிறாராம். அறுபது வயது. மூத்தார் தடுக்கிறார், அத்தை மேலே நின்று அழுகிறார், மாமா கேட்கவில்லை.

மயிலக்கா கையிலிருந்த சாணிக் கூடையைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். படியில் இறங்கி மாமாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"மாமா, நீங்க மேல போங்க. நான் எறங்குறேன்."

மூத்தார், "ஏ புள்ள, ஒனக்கென்ன கிறுக்கா? போய் அடுப்பப் பாரு" என்றார். அத்தை அழுகையை நிறுத்திவிட்டு, "என்னடி பேசுறா இவ?" என்று என்னைக் கேட்டார்.

மாமா மட்டும் அக்காவையே பார்த்தார். "தெரியுமா ஆத்தா ஒனக்கு?"

"தெரியும் மாமா."

அவ்வளவுதான் பேச்சு. மாமா இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு படி விலகி நின்றார். அக்கா வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சேலையை வரிந்து கட்டினார். மூத்தார் கையை நீட்டினார், அதற்குள் அக்கா தண்ணீரில்.

முதல் முங்கு, இடம் பார்க்க. மேலே வந்து மூச்சு வாங்கி, "வால்வச் சுத்தியிருக்குற கம்பிக் கூடு துருப்பிடிச்சு ஒடஞ்சிருக்கு, மாமா. உள்ள துணி மாதிரி என்னமோ இருக்கு" என்றார். இரண்டாவது முங்கு. துணி வரவில்லை, வால்வின் கழுத்து வரை இறுகியிருக்கிறதாம். விரலில் ரத்தம். "போதும், ஏறி வா" என்று மூத்தார் கத்தினார். காதில் வாங்கவில்லை.

மூன்றாவது முங்கு. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பது. நாற்பது. குழாயைச் சுற்றிக் குமிழி வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஐம்பது. பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்த பெண்கள் கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டார்கள். மூத்தார் கடைசிப் படியில் முழங்கால் தண்ணீரில் நின்றார். கையில் கயிறு. அதை யாரிடம் வீசுவது? அறுபதுக்கு மேல் எனக்கு எண் மறந்துவிட்டது.

அக்காவின் கைதான் முதலில் வெளியே வந்தது. அதில் ஒரு துணி. சிவப்பு.

மாமாவின் துணி. எஞ்சின் துடைக்கிற துணி. பம்புமேல் போட்டு வைத்தது எப்போதோ நழுவித் தண்ணீரில் விழுந்து குழாய்க்குள் இழுபட்டிருக்கிறது. மாமா அதை வாங்கி, விரித்துப் பார்த்தார். "ஏந்துணிதான்" என்றார். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

மூத்தார் அக்காவைக் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினார். ஏற்றியதும், "அறிவிருக்காடி ஒனக்கு?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். துண்டை எடுத்து அக்கா மேல் எறிந்துவிட்டு மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒன்பதரைக்கு எஞ்சின் கிளம்பியது. வாய்க்காலில் தண்ணீர் போயிற்று. வெங்காயம் குடித்தது.

சித்திரை 21, சனி

அத்தை உத்தரவு: இனி மயிலு கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. துணி அலசுவது என் வேலை. "நாலு பேரு பாக்க, ஈரச் சேலையோட... வெளிய தல காட்ட முடியுமா இனிமே?" பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்களாம். கடைக்குப் போனபோது என்னையே இரண்டு பேர் நிறுத்திக் கேட்டார்கள். ஒருத்தி கேலியாக. இன்னொருத்தி மெதுவாக, "எம்புட்டு நேரம் உள்ள இருந்தாக?" என்று. இரண்டாவது பெண்ணின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

மூத்தார் அக்காவோடு பேசுவதில்லை. சோற்றை வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார்.

அக்கா முன்னைப் போலவே குனிந்த தலை. விரலில் துணிச்சுற்று.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். எல்லாம் சொன்னேன், பதினைந்தாம் தேதி சொல்லாமல் விட்டதையும் சேர்த்து. நான் பயந்த மாதிரி ஒன்றும் கேட்கவில்லை. "எட்டு வருஷமா ஒரே வீட்ல இருக்கேன். எனக்கு மதினியத் தெரியவே தெரியாது போல" என்றார்.

சித்திரை 22, ஞாயிறு

விடியலில் சாணி கரைக்கப் போனேன். கொட்டத்துக்குள் பேச்சு. மூத்தார் பால் கறந்துகொண்டிருந்தார், அக்கா கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒளிந்து கேட்கவில்லை, வாளியோடு நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

"ஊர் பேசுதுன்னுதான் கோவமா?" அக்கா.

"ஊரு கெடக்கு கழுத."

"பெறகு?"

செம்பில் பால் விழும் சத்தம் நின்றது. "நீ உள்ள போயிட்ட. மேல வரல. நான் கயித்த வச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ வரலைன்னா நான் என்னத்தச் செய்வேன்? எனக்கு நீச்சலா தெரியும்? பொம்பள உள்ள கெடக்கா, ஆம்பள படியில நிக்கிறேன். கையும் வரல, காலும் வரல, மயிலு."

மறுபடி பால் விழும் சத்தம், ஒழுங்கில்லாமல்.

வாளியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூத்தாரை நான் கல் என்று நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வழியில்லை, அவருக்குத் தெரியாதே.

மதியம் கோழி அடித்தோம், வீட்டுக்காரர் வந்திருப்பதால். நல்ல காரம்.

சித்திரை 25, புதன்

கொஞ்சம் மேகம். பெய்யாது.

பத்து மணிக்கு ஓர் ஆள் சைக்கிளில் வந்தார். கிழக்கே மூன்று மைல், அடுத்த ஊரில் விவசாயம் பார்க்கும் சம்சாரி. வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. மாமா கட்டிலில் உட்காரச் சொன்னார். மோர் கொடுத்தேன்.

"எங்க கெணத்துலயும் குழா அடச்சுக்கிருச்சு. தக்காளி அம்புட்டும் பூவும் பிஞ்சுமா நிக்கிது. ஒங்க வீட்ல முங்கு நீச்சல்காரர் ஒருத்தர் இருக்காராம்ல? அவரைச் செத்த அனுப்பி வைக்கணும்."

அத்தை மல்லிகைச் செடியிலிருந்து நிமிர்ந்தார். மூத்தார் மாட்டுக்குத் தீனி வைத்த கையோடு நின்றார்.

மாமா சொன்னார்: "ஆமா, இருக்கு. என் மூத்த மருமக."

அந்த ஆள் மோரைப் பாதியில் நிறுத்திவிட்டார். ஆம்பளை என்று நினைத்து வந்திருக்கிறார். மாமாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"வேணும்னா அவகிட்டயே கேளுங்க," என்றார் மாமா. "அனுப்புறதுக்கு நான் யாரு? முங்குறது அவ."

எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது. மாமா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்கிற குரல்.

அடுப்படி வாசலில் அக்கா. தலை குனியவில்லை.

"எத்தன ஆள் தண்ணி கெடக்கு?"

"மூணு... மூணு ஆள் இருக்கும்மா."

"எஞ்சின நிறுத்தியாச்சா? நான் உள்ள இருக்கையில யாரும் அதுகிட்டப் போகக் கூடாது."

"நிறுத்தியாச்சும்மா. நான் பாத்துக்கறேன்."

அக்கா அத்தையைப் பார்த்தார். அத்தை வெகுநேரம் பூக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் இரண்டு துண்டும் ஒரு மாற்றுச் சேலையும் கொண்டுவந்து அக்காவின் கையில் திணித்தார். "ஈரத்தோட வந்து நிக்காத. காஞ்சதக் கட்டிக்கிட்டு வா." என்னிடம், "நீயும் போடி. தொணைக்கு ஒரு பொம்பள வேணாமா?"

மூத்தார் வண்டியைப் பூட்டினார். அவர் மாடுகளை இந்த வெயிலில் வெளியே ஓட்டி நான் பார்த்ததில்லை.

உலை அப்படியே கிடக்கிறது. கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

சித்திரை 26, வியாழன்

நேற்று வந்து சேர மாலை ஆகிவிட்டது. அப்போது எழுதத் தெம்பில்லை.

ஒரே முங்கில் எடுத்துவிட்டார். தென்னைப் பன்னாடை. பெரிய வேலையே இல்லை என்றார் அக்கா. கிணற்றைச் சுற்றி அந்த ஊர்ப் பெண்கள் பாதிப் பேர். அக்கா மேலே வந்ததும் ஒரு பெண் ஓடிவந்து தன் முந்தானையாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள். நான் கொண்டுபோன துண்டு என் கையிலேயே இருந்தது. ஒரு கூடை தக்காளி கொடுத்தார்கள்.

திரும்பும்போது நான் வண்டிக்குள், தக்காளிக் கூடையைப் பிடித்தபடி. அக்கா முன்பக்கம், மூத்தார் அருகில். ஒரு மைல் தாண்டியதும் மூத்தார், மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள கண்ணத் தெறந்தா என்ன தெரியும்?"

எட்டு வருடத்தில் அவர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும், சோறு, மாடு தவிர.

அக்கா சொன்னார்: "மொதல்ல பச்சையா இருக்கும். கீழ போகப் போக இருட்டு. நின்னு மேல பாத்தா, கெணத்து வாய் மட்டும் வட்டமா, வெள்ளையா தெரியும். சத்தமே இருக்காது. நம்ம நெஞ்சு அடிக்கிறது நமக்குக் கேக்கும்."

"பயம்மா இருக்காதா?"

"மேல இருக்குறப்பதான் எனக்குப் பயம்."

மாடுகள் தாமாகவே நடந்தன. ரெட்டியார்சத்திரம் போகும் பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போயிற்று. புழுதி அடங்கும் வரை காத்திருந்து மூத்தார் மறுபடி கேட்டார், இன்னும் மெதுவாக. நான் கூடைமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன், தூங்குகிறாள் என்று நினைக்கட்டும்.

"எனக்கு வருமா, மயிலு? இந்த வயசுல?"

"வரும். மொதல்ல இடுப்பளவு தண்ணில நிக்கணும். ரெண்டு நாளைக்கு வேற ஒண்ணும் கெடையாது. நின்னாப் போதும்."

"நீ பக்கத்துல நிப்பியா?"

"நிப்பேன்."

வீடு வரும் வரை அவர் மாடுகளை விரட்டவேயில்லை.